வீட்டில் சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டார்கள்

அந்த வீட்டை நாங்கள் எடுத்ததே ஒரு தண்ணீர்க் குழாய்க்காகத்தான். மற்றபடி அதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆக்லாந்து நகரில் நியூ லின் ரயில் நிலையத்துக்குப் பின்னால், வெயில் எட்டாத ஒரு சரிவில் இருந்தது. குளியலறைக் கூரையெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். ஆனால் முன்னறைச் சுவருக்கு மறுபக்கம் சமையலறை. ஒரு குழாயை இழுத்து ஒரு வடிகாலையும் போட்டால் என் கணவரின் டயாலிசிஸ் மெஷினைப் பொருத்திப் பூட்டிவிடலாம். அதற்கு முன் பார்த்த நான்கு வீட்டுக்காரர்களும் மெஷின் என்றதுமே வீடு வேறு ஆளுக்குப் போய்விட்டது என்றார்கள். ஐந்தாவது ஆள் சரி என்றார். அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

என் கணவர் யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்த வாத்தியார். ஆக்லாந்துக்கு வந்த பிறகு ஒரு கடைத்தொகுதியில் காவலாளி. அதையும் வாத்தியாராகத்தான் செய்தார். மின்படிக்கட்டில் ஓடும் பிள்ளைகள் அவர் ஒரு பார்வை பார்த்தால் நடப்பார்கள். சிறுநீரகங்கள் கைவிட்ட பிறகு அந்த வேலையும் போனது. முதல் ஒரு வருடம் வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தார். வந்ததும் சப்பாத்தைக் கழற்றக்கூடத் தெம்பிருக்காது. கட்டிலில் விழுந்தால் அடுத்த நாள் மத்தியானம்தான் தலையைத் தூக்குவார். தூக்கிய கையோடு திரும்பவும் போக வேண்டிய நாள் வந்துவிடும். அந்த ஒரு வருடத்தில் அவர் என்னோடு கதைத்த கதை எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு பின்னேரத்துக்குக் காணாது.

வீட்டிலேயே மெஷின் வைத்துக்கொண்டால் அவசரப்படாமல், வாரத்தில் ஐந்து நாள், ஆறுதலாகச் செய்யலாம், உடம்பு அவ்வளவு அடிபடாது என்றார்கள். மூன்று மாதம் பயிற்சி. மனுசன் கொப்பி வாங்கிக் குறிப்பெழுதிப் படித்தார். தன் கையில் தானே ஊசி குத்தப் பழகினார். நான் பக்கத்தில் நின்றால் கை நடுங்குகிறது என்று என்னை வெளியே அனுப்பிவிடுவார். மெஷின் வீட்டுக்கு வந்து இரண்டு மாதத்தில் அவருக்கு நாக்கில் ருசி வந்தது, கோபம் வந்தது, என் சமையலில் குறை சொல்ல வாய் வந்தது. நான் அதைக் கேட்டுச் சமையலறையில் நின்று அழுதேன். சந்தோஷத்தில் அழுத கடைசி அழுகை அதுதான் என்று நினைக்கிறேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருக்கு நோய்க்கான பெனிஃபிட் வந்தது. கணவன் மனைவி இரண்டு பேரையும் சேர்த்துக் கணக்கிட்டு அரசாங்கம் தரும் பணம் அது. ஆக்லாந்து வாடகைக்கு முன்னால் அது எந்த மூலைக்கு? ஆகவே நான் விரி என்ற இடத்தில் ஒரு பெரிய களஞ்சியத்தில் பெட்டி கட்டும் வேலைக்குப் போனேன். நிரந்தர வேலை இல்லை. காலை ஐந்து மணிக்குப் போனில் செய்தி வரும்: இன்றைக்கு வா. வராவிட்டால் இன்றைக்கு இல்லை. சில வாரம் ஐந்து நாள், சில வாரம் ஒரு நாள், சில வாரம் அந்தப் போனை நான் மடியில் வைத்துக்கொண்டு முழித்திருப்பதுதான் மிச்சம். அதே களஞ்சியத்தில் வேலை செய்த மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி தன் காரில் என்னை ஏற்றிப் போவாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். கணவனுக்கு ஐ.டி. வேலை போய், அவளும் எங்களைப் போலவே பெனிஃபிட் அலுவலகத்தின் வாசலைத் தேய்த்தவள்.

அந்த அலுவலகத்தின் முறையை எனக்கு விளக்கியது அவள்தான். சம்பளம் வியாழக்கிழமை கைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அதை அறிவிக்க வேண்டும். அதற்கேற்ப அடுத்த செவ்வாய்க்கிழமை பெனிஃபிட் குறையும். அந்தச் செவ்வாய்க்கிழமை வரும்போது வேலையும் குறைந்திருக்கும். ஆக, நல்ல வாரத்துக்கான தண்டனை கெட்ட வாரத்தில்தான் வந்து சேரும். "அக்கா, நம்ம வாழ்க்கை அவங்களுக்கு எப்பவும் ஒரு வாரம் லேட்டாத்தான் தெரியும்" என்றாள். சுரங்கப் பாதைக்குள் கார் போய்க்கொண்டிருந்தது. நான் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

இதற்கெல்லாம் மேலே இன்னொரு உதவி உண்டு. செலவு வருமானத்தைத் தாண்டும் ஆட்களுக்குக் கொஞ்ச காலத்துக்கு மட்டும் தரும் மேலதிகப் பணம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது தானாக நின்றுவிடும். திரும்பவும் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். வாடகை, மெஷின் குடிக்கிற மின்சாரம், மெஷின் குடிக்கிற தண்ணீர், மருந்து எல்லாவற்றையும் எழுதி, வருமானத்தையும் எழுதிக் கொடுத்தால், குறைகிற தொகையில் ஒரு பகுதியை அவர்கள் தருவார்கள். அந்தப் பணம் வந்தால் வாடகை கட்டலாம். வராவிட்டால் முடியாது. எங்கள் வீடு, அந்தக் குழாய், அவருடைய நாக்கு ருசி எல்லாம் அந்த ஒரு பணத்தில்தான் நின்றன. இதை விளங்கிக்கொள்ள எனக்குப் படிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை.

போன டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு முன் களஞ்சியத்தில் வேலை குவிந்தது. ஆறு வாரம் ஒரு நாள் விடாமல் போனேன். கால் வீங்கியது, முதுகு போனது, போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சதம் மறைக்காமல் அறிவித்தேன். சரியாக அந்த ஆறு வாரத்துக்குள்தான் எங்கள் மூன்று மாதமும் முடிந்து, மேலதிக உதவியும் நின்றது. அந்த நேரம் அது தேவையாகவும் இல்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். பாக்கியிருந்த மின்சாரக் கட்டணத்தைக் கட்டி, என் பல்லைப் பிடுங்கி, அவருக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன்.

தை மாதம் வந்தது. களஞ்சியம் செத்த வீடு மாதிரி ஆனது. முதல் வாரம் இரண்டு நாள், இரண்டாம் வாரம் ஒரு நாள், மூன்றாம் வாரம் ஒன்றுமே இல்லை. உடனே மேலதிக உதவிக்குத் திரும்ப விண்ணப்பித்தேன். 'உங்கள் வழமையான வார வருமானம் எவ்வளவு?' என்று படிவத்தில் கேட்டிருந்தது. வழமை என்று ஒன்று இருந்தால் நான் ஏன் இந்தப் படிவத்தை நிரப்புகிறேன்? அரை மணித்தியாலம் அந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'வாரத்துக்கு வாரம் மாறும், இப்போது மிகவும் குறைவு' என்று எழுதினேன். சம்பளத் துண்டுகளை இணைத்தேன். கேட்டது கடைசிப் பல வாரத்துத் துண்டுகள். அதில் நத்தார் வாரங்கள்தான் கொழுத்துப்போய் முன்னால் நின்றன.

பெனிஃபிட் அவர் பெயரில் இருந்ததால், யாராவது அவரை அழைத்துக் கதைத்து உறுதிப்படுத்துவார்கள் என்று பதில் வந்தது. ஒருவரும் அழைக்கவில்லை என்றுதான் நான் நினைத்தேன். நான் கேட்கும்போதெல்லாம் அவரும் தலையை ஆட்டி, "பாப்பம்" என்றார். மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. நீங்கள் தந்த தகவல்களின்படி இந்த உதவிக்கு நீங்கள் தகுதி பெறவில்லை. அவ்வளவுதான். எந்தத் தகவல், எப்படித் தகுதியில்லை, ஒன்றும் கிடையாது. நத்தார்ச் சம்பளம் கண்ணைக் குத்தியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் வாடகை நான்கு வாரம் பிந்திவிட்டது. வீட்டுக்காரரின் முகவர் முதல் கடிதத்தை மரியாதையாகவும் இரண்டாவதை மரியாதையில்லாமலும் அனுப்பியிருந்தார்.

ஒரு நாள் வேலை கிடைத்த நாளில், மத்தியானச் சாப்பாட்டு நேரம், களஞ்சியத்துக்கு வெளியே லொறிகள் திரும்பும் முற்றத்தில் நின்று அலுவலகத்தை அழைத்தேன். இருபத்தைந்து நிமிடம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள். இனிமையான குரல். என் பெயரில் என் கணவர் எழுதிக்கொடுத்த அனுமதியைத் தேடிப் பார்த்துவிட்டு, ஏன் மறுக்கப்பட்டது என்று குறிப்பிலிருந்து வாசித்தாள். மாசி மாதம் இரண்டாம் வாரம் வாடிக்கையாளரோடு போனில் கதைக்கப்பட்டது. வீட்டில் போதுமான உணவு இருப்பதாகச் சொன்னார். வாடகையைச் சமாளிப்பதாகச் சொன்னார். மனைவியின் வருமானம் நல்லதென்று சொன்னார். மெல்பர்னில் அண்ணன் இருப்பதாகவும் தேவைப்பட்டால் அவர் உதவுவார் என்றும் சொன்னார். வேறு எந்த உதவியும் தேவையில்லை என்று நன்றி சொன்னார்.

ஒரு லொறி பின்பக்கமாக வந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நான் அவளைத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். பாவம், அவள் அதே இனிமையோடு திரும்ப வாசித்தாள். என் கணவரின் வார்த்தைகளை ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் வாயிலிருந்து ஆங்கிலத்தில் கேட்டேன். அந்த முற்றத்திலேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. உட்காரவில்லை, மேற்பார்வையாளன் கண்ணாடிக்குப் பின்னால் நின்றான்.

வீட்டுக்கு வந்தபோது அவர் மெஷினில் இருந்தார். இடது கை கட்டியபடி. குழாய்க்குள் இரத்தம் போய்க்கொண்டிருந்தது. மெஷினில் இருக்கும்போது அவரோடு சண்டை பிடிக்கக்கூடாது, இரத்த அழுத்தம் ஏறும் என்று எனக்கும் சொல்லித் தந்திருக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

"பெனிஃபிட் ஆபீசிலயிருந்து உங்களுக்குப் போன் வந்ததோ?"

"வந்தது."

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"அதில சொல்ல என்ன கிடக்கு? சுகம் விசாரிச்சவள்."

"சுகம் விசாரிச்சவளோ? வீட்டில சாப்பாடு இருக்கோ எண்டு கேட்டவளோ இல்லையோ?"

அவர் மெஷின் திரையைப் பார்த்தார். "கேட்டவள்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வேற என்ன சொல்லுறது? ஆரோ ஒரு சின்னப் பெட்டை, முகம் தெரியாது, போனைப் போட்டு உங்கட வீட்டில சாப்பாடு இருக்கோ எண்டு கேக்கிறாள். இல்லையெண்டு சொல்லுவினமோ? ஆராவது சொல்லுவினமோ? நீர் சொல்லுவீரோ?"

"கொண்ணர் பாப்பார் எண்டும் சொன்னனீங்களாம். எந்தக் கொண்ணர்? மூண்டு வருசமா ஒரு போன் எடுக்காத கொண்ணரோ?"

"அவர் என்ர கூடப்பிறந்தவர். அவர் உதவமாட்டார் எண்டு பிறத்தியாருக்கு நான் எப்பிடிச் சொல்லுறது?" வலது கையால் போர்வையை இழுத்துவிட்டார். "அப்பிடிச் சொன்னா அது அவருக்கு மட்டும் மரியாதைக் குறைவே?"

எனக்கு அவரைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல இருந்தது. அந்தக் கையில் ஊசி இருந்தது. குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். பூஞ்சணத்தைப் பார்த்தபடி நின்றபோதுதான் அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. கோயிலில் பூசை முடிந்து மிஞ்சிய சாதத்தை ஒரு பெட்டியில் போட்டு நீட்டினார்கள். "ஐயோ, வீட்டில எல்லாம் கிடக்கு, வைக்க இடமில்லை" என்றேன் நான். சிரித்துக்கொண்டு சொன்னேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தச் சாதத்தை நினைத்துக்கொண்டு போனேன். எங்களுடைய ஆட்கள் எல்லோரும் இப்படித்தான். வீட்டுக்கு வந்தவனுக்குக் கடைசிப் பிடிச் சோற்றைப் போட்டுவிட்டு, எங்களுக்கு வயிறு சரியில்லை என்போம். இல்லை என்ற சொல் நாக்கில் வராது. அலுவலகத்துக்கு அது மட்டும்தான் கேட்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் சாப்பாடு இருந்தது. அவர் சொன்னது முழுப்பொய் இல்லை. அரிசி இருந்தது, பருப்பு இருந்தது, மதுரைக்காரி கொண்டுவந்து வைத்த அரை மூட்டை உருளைக்கிழங்கும் இருந்தது. உதவி நிலையம் ஒன்றில் தந்த பெட்டியில் தக்காளி டின்னும் அவித்த பயறு டின்னும் இருந்தன. அதில் ஒன்றையும் அவர் வாயில் வைக்கக்கூடாது. சிறுநீரகம் இல்லாதவனுக்குப் பருப்பும் கிழங்கும் தக்காளியும், அவற்றிலுள்ள பொட்டாசியத்தால், இதயத்தை நிறுத்தக்கூடிய சாமான்கள். முட்டையும் கோழியும் மீனும் வேண்டும். உலகத்திலேயே மலிவான சாப்பாடு எல்லாம் அவருக்கு நஞ்சு. அதைச் சொல்ல அந்தப் படிவத்தில் இடமில்லை. போனில் கேட்ட பெண்ணுக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை, அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை.

முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்டேன். புதிதாக விண்ணப்பித்தால் கெதியாக நடக்கும், ஆனால் விண்ணப்பித்த நாளிலிருந்துதான் பணம் வரும், பழைய வாரங்களுக்கு வராது என்றார்கள். பழைய வாரங்களுக்கு யார் வாடகை கட்டுவது என்று கேட்டேன். அது வேறு உதவி, வேறு கேள்விகள் என்றார்கள். புதிதாகவே விண்ணப்பித்தேன்.

அதற்கான போன் நேர்காணலுக்கு முதல் நாள் நான் அவரைப் பழக்கினேன். பரீட்சைக்குப் பிள்ளையைப் பழக்குவது போல மேசைக்கு முன்னால் இருத்தி, கேள்வியை நான் கேட்டேன். வீட்டில் சாப்பாடு இருக்கிறதா? அவர் மேசைத் துணியின் ஓரத்தை மடித்தார். திரும்பக் கேட்டேன். "எனக்குச் சாப்பிடக்கூடிய சாப்பாடு இல்லை, எண்டு நீங்கள் சொல்லோணும்" என்றேன். உதவக்கூடிய உறவினர் உண்டா? "இல்லையெண்டு சொல்லுங்கோ." "கொஞ்சம் கஷ்டம் எண்டு சொன்னாக் காணாதோ?" என்று கெஞ்சினார். காணாது என்றேன். இருபது வருடம் வகுப்பறையில் கேள்வி கேட்ட மனுசன். நான் ஈவிரக்கமில்லாமல் கேட்டேன். எனக்கு அந்த வீடு வேண்டும். அந்த வீட்டில் அவர் வேண்டும்.

அடுத்த நாள் போனை மேசையில் வைத்து ஒலிபெருக்கியில் போட்டேன். இந்த முறை வந்தது ஒரு ஆண். பெடியன் குரல். பொறுமையாகக் கேட்டான். என் கணவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். இல்லை. தனக்குச் சாப்பிடக்கூடியது இல்லை. இல்லை, அண்ணன் உதவமாட்டார். கேட்டுப் பார்த்தீர்களா என்றான். இரண்டு முறை கேட்டேன் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது நான் பழக்காத பதில். அவர் அண்ணனிடம் கேட்டிருக்கிறார், இரண்டு முறை, நான் வேலைக்குப் போன நாட்களில். ஒருபோதும் எனக்குச் சொன்னதில்லை. பதில் சொல்லும்போது அவர் நிமிர்ந்து, இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு இருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

மேலதிக உதவி கிடைத்தது. அன்றிலிருந்து. நான் பிந்திய வாடகைக்கும் உதவி கேட்டேன். அதற்கு அந்தப் பெடியன் வேறொரு கேள்வி வைத்திருந்தான். இந்த வாடகையை இனிமேல் உங்களால் தொடர்ந்து கட்ட முடியும் என்று காட்ட வேண்டுமே, முடியுமா? நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். இப்போதுதானே முடியாது முடியாது என்று பத்து முறை சொல்லி அந்த உதவியை வாங்கினோம். முடியும் என்றால் அது எப்படி? முடியாது என்றால் பிந்திய வாடகை கிடையாது. வேலை கிடைத்தால் முடியும் என்றேன். வாரத்துக்கு எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்று வேலைத்தலத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கி வாருங்கள் என்றான். களஞ்சியத்தில் கேட்டேன். கூப்பிடும்போது வருகிற ஆட்களுக்கு அப்படிக் கடிதம் கொடுப்பதில்லை என்று கையை விரித்தார்கள். மதுரைக்காரி என்னைவிட அதிகமாகக் கத்தினாள். "ஒரு வரி எழுதிக் குடுக்க உங்களுக்கு என்ன கேடு?" என்று தமிழில் கத்திவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். பலனில்லை.

முகவர் வழக்குக்குப் போனார். விசாரணையில் எல்லோரும் மரியாதையாக இருந்தார்கள். மெஷின் பற்றிச் சொன்னேன். தீர்ப்புச் சொல்ல இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நம்புகிறேன். வீட்டைக் காலி செய்ய ஒரு வாரத்துக்குப் பதிலாக மூன்று வாரம் தந்தார். அரசாங்க வீட்டுக்கான வரிசையில் எங்கள் பெயரையும் போட்டார்கள். அந்த வரிசை அப்படியே நிற்கிறது.

மெஷினைக் கழற்ற ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தொழில்நுட்பக்காரர் வந்தார். அதைப் பூட்டியவரும் அவர்தான். சக்கரத்தில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது என் கணவர் கதவை விரித்துப் பிடித்தார். கவனம், அந்தப் படி உடைந்திருக்கிறது என்று அவருக்குச் சொன்னார். பிறகு முன்னறைக்குள் வந்து கதிரையில் இருந்தார். இரண்டு மணித்தியாலம் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டேன். பால் முடிந்தது உமக்குத் தெரியாதோ என்றார். கோபமில்லாமல் சொன்னார். எனக்கு அவருடைய கோபம் வேண்டியிருந்தது.

இப்போது ஒரு வீட்டின் பின்வளவில் ஒற்றை அறையில் இருக்கிறோம். அந்த அறையில் மெஷின் வைக்க முடியாது. ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது திங்கள், புதன், வெள்ளி, நடுப்பகலில். போகும்போது வண்டி வந்து ஏற்றும். வரும்போதும் வண்டிதான், ஆனால் வண்டிக்காரர் ரோட்டில் விட்டுவிட்டுப் போய்விடுவார். ரோட்டிலிருந்து எங்கள் அறைக்கு இருபத்திரண்டு படி. இரண்டாவது வாரம் அவர் அந்தப் படியில் மயங்கி விழுந்தார். வீட்டுக்காரரின் நாய் குரைத்ததால்தான் ஆட்கள் கண்டார்கள். அதன் பிறகு அந்த மூன்று நாளும் நான் கூடவே போனேன். காலை ஐந்து மணிக்குச் செய்தி வரும். வர முடியாது என்று பதில் அனுப்புவேன். மூன்று முறை அனுப்பினேன், நான்கு முறை அனுப்பினேன். பிறகு செய்தி வருவது நின்றது. மதுரைக்காரி மட்டும் இடைக்கிடை அழைத்து, "அக்கா, நீங்க இல்லாம கார்ல போறது என்னமோ மாதிரி இருக்கு" என்பாள்.

வேலை போனதை அறிவிக்க இரண்டு பேருமாக அலுவலகத்துக்குப் போனோம். இந்த முறை நேரில். மேசைக்கு அந்தப் பக்கம் எங்கள் வயதுப் பெண் ஒருவர், கழுத்தில் பச்சைக்கல் மாலை, முகத்தில் களைப்பு. எங்கள் கோப்பைக் கணினியில் கீழே கீழே இறக்கிப் பார்த்தார். இனி எல்லாம் சுலபம் என்றார். வருமானம் ஏறி இறங்காதபடியால் ஒவ்வொரு ஞாயிறும் அறிவிக்க வேண்டியதில்லை, பெனிஃபிட் முழுதாக வரும், மேலதிக உதவிக்கும் குழப்பமில்லாமல் தகுதி வரும். நல்ல செய்தி சொல்கிற முகத்தோடுதான் சொன்னார். எனக்கு நெஞ்சில் இருந்து ஒரு பாரம் இறங்கியது. ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்து இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

சம்பிரதாயத்துக்குச் சில கேள்விகள் கேட்க வேண்டும் என்றார் அந்தப் பெண். என் கணவர் அவரைக் கேட்கவிடவில்லை. தானே சொல்லத் தொடங்கினார். வீட்டில் தனக்கேற்ற சாப்பாடு இல்லை. சேமிப்பு இல்லை. அண்ணன் உதவமாட்டார். குரலில் ஒரு தடங்கலும் இல்லை. இரசாயன மூலகங்களை வரிசையாக ஒப்பிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டு போனார். அந்தப் பெண் வேகமாகத் தட்டிக்கொண்டே வந்து, கடைசியாக ஒன்றை மட்டும் தலையைத் தூக்கிக் கேட்டார். உங்களைப் பார்த்துக்கொள்ள, கைகொடுக்க, வேறு யாராவது இருக்கிறார்களா?

"ஒருவரும் இல்லை" என்றார்.

நான் அவருக்குப் பக்கத்துக் கதிரையில், அவருடைய மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பெண் அதையும் தட்டி முடித்தார். அது சரியான பதில்தான். பணம் அடுத்த செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது.